அரையிறுதி ஆட்டத்திற்கு எத்தனை பேர் வருவார்கள்? சொந்த மைதானக் கூட்டத்தை முன்கூட்டிக் கணிப்பது குறித்து

பாமணிச் செயலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் கால்பந்துக் குழுவிற்கு நான் செயலராக இருக்கிறேன். இந்த ஆண்டு லீக் சுற்றில் எங்கள் குழு இரண்டாம் இடம் பெற்றதால், வெளியேற்றச் சுற்றின் அரையிறுதி ஆட்டத்தை எங்கள் சொந்த மைதானத்தில் நடத்தும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. ஆட்டம் தை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. எதிர்க் குழு யாரென்பது இந்த ஞாயிறு மாலையில்தான் தெரியும், ஏனெனில் அதிராம்பட்டினம் பக்கத்துக் குழு ஒன்றும் கும்பகோணம் பக்கத்துக் குழு ஒன்றும் அன்றுதான் கால் இறுதியில் மோதுகின்றன. ஆக, எதிரி தெரிந்த பிறகு எங்களுக்கு மிஞ்சுவது ஆறே நாள்கள்.

இந்த ஆறு நாள்களுக்குள் பந்தல்காரருக்கு நாற்காலிக் கணக்கும், அச்சகத்திற்குச் சீட்டுப் புத்தகக் கணக்கும், காவல் நிலையத்திற்குக் கொடுக்கும் மனுவில் 'எதிர்பார்க்கப்படும் கூட்டம்' என்ற இடத்தில் ஓர் எண்ணும் நான் எழுத வேண்டும். நேற்று நடந்த குழுக் கூட்டத்தில் ஒருவர் 1,000 என்றார், மற்றொருவர் 2,000 என்றார், எங்கள் தலைவர் சற்றும் தயங்காமல் 5,000 என்றார். எந்த எண்ணுக்கும் யாரும் காரணம் சொல்லவில்லை.

என் கையில் இருப்பது இவ்வளவுதான்: இந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் 5 லீக் ஆட்டங்கள் நடந்தன. சீட்டின் விலை 30 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை. கிழித்த சீட்டுகளின் எண்ணிக்கை முறையே 310, 280, 420, 260, 650. கடைசி எண் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பக்கத்து ஊர்க் குழுவோடு ஆடியபோது வந்தது. சராசரி 384 ஆகிறது. இதை இரண்டால் பெருக்கி 800 என்று எழுதிவிடலாமா, அல்லது இதற்கு வேறு முறை ஏதேனும் உண்டா? மைதானத்தில் நிரந்தரக் காலரி (பார்வையாளர் அமரும் படிவரிசை) கிடையாது, மின்விளக்கும் கிடையாது, வடபுறம் வாய்க்கால் கரை இருக்கிறது.

குடந்தைக் கணக்கர்

செயலர் அவர்களுக்கு வணக்கம். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் நின்று பார்க்க முடியும் என்பதை மைதானத்தையே கேட்டுவிடுவது நல்லது. அதற்கு ஓர் அளவு நாடா போதும்.

முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. எல்லைக் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினால், அந்தக் கயிற்றின் சுற்றளவு 370 மீட்டர். ஒருவர் நிற்க அரை மீட்டர் என்று கொண்டால் ஒரு வரிசையில் 740 பேர். சமதரையில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் பிடரியைத் தவிர வேறொன்றும் தெரியாது, எனவே மூன்று வரிசைகள்தான் கணக்கு, அதாவது ஏறத்தாழ 2,200 பேர். மாற்று வீரர்களின் இருக்கைகள், விருந்தினர் பந்தல், கோல் கம்பத்திற்குப் பின்னால் யாரும் நிற்க விரும்பாத மூலைகள் ஆகியவற்றைக் கழித்து, வாய்க்கால் கரையில் ஏறி நிற்பவர்களைச் சேர்த்தால், என் மதிப்பீட்டில் 1,800 பேருக்கு மேல் அங்கே ஆட்டம் பார்க்க இயலாது. உங்கள் தலைவரிடம் மரியாதையோடு இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் ஐந்து எண்கள். சராசரியை மறந்துவிடுங்கள். ஒரே ஓர் ஆட்டம் அதை இழுத்துச் சென்றிருக்கிறது. மற்ற நான்கையும் வரிசைப்படுத்தினால் 260, 280, 310, 420, அவற்றின் நடுமதிப்பு 295, அதாவது சாதாரண நாளில் உங்கள் மைதானத்திற்குச் சீட்டு வாங்கி வருபவர்கள் சுமார் 300 பேர். இவர்கள் யார் எதிரி என்று கேட்காமல் வருபவர்கள்.

650 என்ற எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு ஐயம் எழுந்தது. சீட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 50 தாள்கள் என்றால் அது மிகச் சரியாக 13 புத்தகங்கள். அன்று வந்தவர்கள் 650 பேரா, அல்லது உங்களிடம் இருந்த சீட்டுகள் 650தானா? இரண்டும் வேறு வேறு. சீட்டு தீர்ந்திருந்தால் அந்த எண் கூட்டத்தின் அளவே அல்ல, கூட்டம் குறைந்தது இவ்வளவு என்பதற்கான சாட்சி மட்டுமே.

அன்றைய கைப்பேசிப் படங்கள் யாரிடமாவது இருந்தால் தேடி எடுங்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவர் 1960களில், கூட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணும் எளிய வழியைக் கண்டார். தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 4.5 சதுர அடி என்பது அவர் கண்ட அளவு. படத்தில் ஒரு பகுதியில் தலைகளை எண்ணி, அந்தப் பகுதியின் பரப்பை மைதானத்தில் போய் அளந்து, அதே நெருக்கம் உள்ள மற்றப் பகுதிகளுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். சீட்டில்லாமல் வரும் பிள்ளைகளும் இதில் அகப்பட்டுவிடுவார்கள்.

இனி கணிப்புக்கு வருவோம். உள்ளூர்க் கூட்டம் ஆட்டத்தின் முக்கியத்துவத்தைப் பொறுத்துப் பெருகும், ஆனால் வெளியூர்க் கூட்டம் வண்டி வண்டியாக வந்து சேரும். முதலாவதைப் பெருக்க வேண்டும், இரண்டாவதைக் கூட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து இரண்டால் பெருக்குவது பிழை. இன்னொன்று, ஞாயிறு மாலைக்கு முன் எந்த எண்ணையும் முடிவு செய்யாதீர்கள். அதிராம்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் குழு வந்தால் ஒரு கணக்கு, எங்கள் கும்பகோணம் பக்கத்துக் குழு வந்தால் வேறொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைப் பிடித்தால், அது இரண்டில் எது நடந்தாலும் பொருந்தாத எண்ணாக இருக்கும்.

பாமணிச் செயலர்

ஐயா, உங்கள் ஐயம் சரிதான். பொருளாளரைக் கேட்டேன். அன்று 13 புத்தகங்கள்தான் இருந்தன. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடங்களில் தீர்ந்துவிட்டன, அதன் பிறகு வந்தவர்களைச் சும்மா உள்ளே விட்டிருக்கிறார்கள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. வீரர் ஒருவரின் தம்பி எடுத்த படங்களில் எண்ணிப் பார்த்ததில், பிள்ளைகள் உட்பட 900க்குக் குறையாத தலைகள் தெரிகின்றன. ஈராண்டுகளுக்கு முன் ஒரு கால் இறுதி எங்கள் மைதானத்தில் நடந்தது, அன்று 520 சீட்டுகள் கிழிந்தன. அது வேலை நாள்.

களத்துமேடு

நான் கோட்டூர்ப் பக்கத்து விவசாயி. கணக்கர் ஐயா மைதானத்தை அளந்தார், நான் நாட்காட்டியை அளந்து சொல்கிறேன்.

தை மாதக் கடைசி என்பது சம்பா அறுவடையின் உச்சம். அறுவடை இயந்திரம் கிடைப்பதற்கே முறை வைத்துக் காத்திருக்க வேண்டிய நாள்கள் அவை. அறுத்த நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ள ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்பதால், வெயில் இருக்கும் வரை களத்திலோ சாலையோரத்திலோ காயவைத்துக் கிளறிக்கொண்டிருப்போம். பனி இறங்குவதற்குள், மாலை ஐந்து மணி சுமாருக்கு, நெல்லைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால்தான் வீட்டு ஆண்களுக்குக் கால் அசையும். மூட்டை நிலையத்தில் கிடந்தால் இரவிலும் ஒருவர் அங்கேயே காவலுக்குப் படுத்திருப்பார். ஆகவே மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கினால் எங்களைப் போன்றவர்களில் பாதிப் பேர் முதல் பாதியைப் பார்க்க மாட்டோம்.

நான்கரைக்குத் தொடங்குங்கள் என்று சொல்லலாம் என்றால் அதுவும் உங்களால் முடியாது. வெளியேற்றச் சுற்றில் சமநிலை என்ற முடிவு கிடையாது. 90 நிமிடங்கள், 15 நிமிட இடைவேளை, தேவைப்பட்டால் கூடுதல் 30 நிமிடங்கள், அதற்கும் மேல் பெனால்டி. அந்த நாள்களில் ஆறேகால் மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும், விளக்கில்லாத மைதானத்தில் பந்து தெரியாது. லீக் ஆட்டங்களை நான்கரைக்கு வைத்திருந்தீர்கள் என்றால், அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையை மூன்றரை மணி ஆட்டத்திற்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள்.

பஞ்சாங்கத்தையும் பார்த்துவிடுங்கள். தையில் முகூர்த்தம் அதிகம். அந்தச் சனிக்கிழமையை அடுத்த ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால், சனிக்கிழமை மாலையில் பெண் அழைப்பு, வரவேற்பு என்று ஊரில் பாதி வேறு மண்டபத்தில் இருக்கும்.

வலங்கைமான், தற்போது ஓஹையோ

வணக்கம். சொந்த ஊர் வலங்கைமான், பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் வேலை. இங்கே எம்.எல்.எஸ். என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் ஆடும் கொலம்பஸ் க்ரூ குழுவின் ஆட்டங்களுக்குப் போய் வருகிறவன் என்பதால், களத்துமேடு அவர்கள் சொன்னதற்கு இங்கிருந்து ஒரு சான்று தருகிறேன்.

2017 அக்டோபர் 31 அன்று இந்தக் குழு நியூயார்க் சிட்டி குழுவை, லீக் முடிந்தபின் நடக்கும் பிளேஆஃப் சுற்றில், சொந்த அரங்கில் சந்தித்தது. நம் ஊர்க் கணக்குப்படி பார்த்தால் அரங்கம் பிதுங்க வேண்டும். ஏனெனில் அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான், குழுவின் உரிமையாளர் அதை டெக்சாசிலுள்ள ஆஸ்டின் நகருக்கு மாற்ற எண்ணுகிறார் என்ற செய்தி வந்து ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஆயினும் அன்று செவ்வாய்க்கிழமை, மறுநாள் பள்ளி, அதற்கும் மேலாக ஹாலோவீன் இரவு. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் இரவில் எந்தத் தந்தை கால்பந்து பார்க்கக் கிளம்புவார்? க்ரூ 4-1 என்று வென்றது, ஏறத்தாழ 20,000 பேர் அமரும் அரங்கம் நிரம்பவில்லை. அன்று நான் கையுறை போட்டுக்கொண்டு காலியான இருக்கைகளைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். ஆட்டம் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் வைத்துக் கூட்டத்தைக் கணித்தவர்கள் அன்று தவறினார்கள்.

பிளேஆஃப் ஆட்டத்தில் இன்னொரு சிக்கல் அவகாசம். லீக் ஆட்டங்களின் தேதி மாதக்கணக்கில் முன்பே தெரியும், வெளியேற்ற ஆட்டத்தின் தேதி சில நாள்களுக்கு முன்தான் உறுதியாகும். நம் நாட்டிலும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடரில் 2022-23 பருவத்தில் ஒற்றை ஆட்ட வெளியேற்றச் சுற்றைக் கொண்டுவந்தபோது, லீக் பிப்ரவரி 26இல் முடிந்தது, பெங்களூரு - கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம் மார்ச் 3இல் பெங்களூரில் நடந்தது. சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக்கை எதிர்த்துக் கேரளக் குழு களத்தை விட்டே வெளியேறிய ஆட்டம் அது, பலருக்கு நினைவிருக்கும். ஐந்து நாளில் விடுப்பும் பயணமும் ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தவர்கள்தாம் அத்தகைய ஆட்டத்திற்கு வெளியூரிலிருந்து வருவார்கள்.

கணக்கர் ஐயா 650 பற்றிச் சொன்னது மிக முக்கியமானது. 2020 டிசம்பரில் எம்.எல்.எஸ். இறுதி ஆட்டமே கொலம்பசில் நடந்து, க்ரூ 3-0 என்று சியாட்டில் குழுவை வென்று கோப்பையை எடுத்தது. அன்று அரங்கில் இருந்தவர்கள் வெறும் 1,500 பேர், ஏனெனில் கொரோனாக் கட்டுப்பாட்டினால் அவ்வளவு பேரைத்தான் அனுமதித்தார்கள். அந்த எண்ணைப் பார்த்து இந்த ஊருக்கு இறுதி ஆட்டத்தில் ஆர்வமில்லை என்று எழுதினால் எப்படியோ, 650ஐப் பார்த்து அன்றைய கூட்டம் அவ்வளவுதான் என்பதும் அப்படியே. இங்கே அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கைகூட உள்ளே வந்த தலைகள் அல்ல, விநியோகித்த சீட்டுகள். மழை பெய்யும் நாளில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

செயலருக்கு ஒரு யோசனை. 'வருவீர்களா?' என்று வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள், எல்லாரும் கட்டை விரலை உயர்த்துவார்கள். திங்களன்றே மன்னார்குடியில் இரண்டு தேநீர்க் கடைகளில் சீட்டுப் புத்தகம் கொடுத்து, ஒவ்வொரு நாள் இரவும் எத்தனை விற்றன என்று குறித்து வையுங்கள். காசு கொடுத்து வாங்கியவர் சொல்வதைத்தான் நம்பலாம்.

உடற்கல்வி ஆசிரியை

இதுவரை எழுதிய யாரும் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று செயலரும் சொல்லவில்லை. ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகலாம் என்று நீங்களே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கழிப்பறை இல்லாத இடத்திற்கு எந்தத் தாயும் மகளை அழைத்துக்கொண்டு வர மாட்டார். என் பள்ளியில் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓர் ஆட்டத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றபோது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. பக்கத்தில் உள்ள பள்ளியின் கழிப்பறையைத் திறந்து வைத்து, ஒரு பக்கம் நூறு நாற்காலிகள் போட்டு, அதை ஒலிபெருக்கியிலும் சொன்னீர்கள் என்றால், உங்கள் பழைய ஐந்து எண்களில் இல்லாத ஒரு கூட்டம் வரும். அதைப் பழைய எண்களைக் கொண்டு கணிக்க முடியாது.

இரண்டாவது, தற்காலிகக் காலரி. கூட்டம் மிகும் என்று கணித்துச் சவுக்குக் கட்டையிலும் மூங்கிலிலும் காலரி கட்டும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் காளிகாவு அருகே பூங்கோட்டில், எழுவர் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது தற்காலிகக் காலரி சரிந்து ஏறத்தாழ 200 பேர் காயமடைந்தார்கள். கால்பந்துக் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மண்ணிலேயே அது நடந்தது. நம் மண் வண்டல் மண், வாய்க்கால் ஓரத்தில் நட்ட கம்பம் எவ்வளவு நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாற்காலி குறைந்தால் நின்று பார்ப்பார்கள், அதனால் யாருக்கும் கை கால் போகாது.

கடைமடைக்காரன்

செயலர் காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஸலாம். நான் அதிராம்பட்டினம். எங்கள் பக்கத்துக் குழு ஞாயிறன்று வென்றால் உங்கள் மைதானத்திற்கு வரப்போகிறவர்களில் நானும் ஒருவன், எனவே இதை எதிர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் எழுவர் கால்பந்துத் தொடர் என்றால் கடற்கரைக் காற்றில் மைதானத்தைச் சுற்றி ஆள் நிற்க இடமிருக்காது. ஆயினும் அந்தக் கூட்டத்தை அப்படியே பெயர்த்து உங்கள் ஊருக்கு அனுப்ப முடியாது. பட்டுக்கோட்டை வழியாக மன்னார்குடி வரச் சற்றேறக்குறைய 45 கிலோமீட்டர், உங்கள் ஊர் அதற்கும் அப்பால். நேர் ரயில் கிடையாது. மூன்றரை மணி ஆட்டத்திற்கு ஒன்றரைக்கே கிளம்ப வேண்டும், அதாவது லுஹர் என்னும் நண்பகல் தொழுகை தொழுதுவிட்டு உடனே. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு: தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று வேன் பிடித்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார். வேன் எத்தனை என்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகுதான் தெரியும், ஆனால் பத்துக்குக் குறையாது, பதினைந்தைத் தாண்டாது என்பது என் அனுபவம். வேன் ஒன்றுக்கு இருபது பேர் என்று வையுங்கள். சரக்கு ஏற்றும் குட்டி யானையில் ஆள் ஏற்றி வருவது தவறு என்று எங்கள் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள், அதனால் முன்னை விட எண்ணிக்கை குறையும். இளைஞர்கள் சிலர் இருசக்கர வண்டியில் வருவார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் பையன்களுக்காக யாராவது கைப்பேசியில் நேரலை போடுவார்கள், அது தொடங்கிவிட்டால் உள்ளூரிலும் சிலர் திண்ணையை விட்டு எழ மாட்டார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். 2022இல் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பைக் கால்பந்து மலப்புரம் மாவட்டம் மஞ்சேரி பய்யநாட்டில் நடந்தது ரமலான் மாதத்தில். கேரளக் குழுவின் ஆட்டங்களை இரவு எட்டு மணிக்கு வைத்தார்கள், நோன்பு திறந்துவிட்டு மக்கள் திரண்டார்கள். மே 2 இரவு இறுதி ஆட்டத்தில் கேரளம் பெனால்டியில் மேற்கு வங்கத்தை வென்றது, மறுநாள் பெருநாள். அதே ஆட்டத்தை நான்கு மணிக்கு வைத்திருந்தால் அத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது ஐயம். உங்களிடம் விளக்கு இல்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. கூடுதல் நேரம் போனால் மஃரிப் என்னும் அந்தித் தொழுகை நேரம் ஆகிவிடும். ஒளு செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ, தண்ணீரும் நான்கு பாய்களும் ஓர் ஓரத்தில் இருந்தால் எங்கள் பெரியவர்களும் தயங்காமல் வருவார்கள். இல்லாவிட்டால் வேனில் பையன்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

குடந்தைக் கணக்கர்

கடைமடைக்காரர் கொடுத்ததுதான் இந்த உரையாடலிலேயே மதிப்புமிக்க தகவல், என் சூத்திரங்களை விட மேலானது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் குழு வந்தால், கல்லூரி மாணவர்கள் ஐம்பது அறுபது பேருக்கு மேல் நீடாமங்கலம் தாண்டி வரமாட்டார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே இரண்டு கணக்குகள். கடற்கரைக் குழு வந்தால்: சாதாரண 300 பேரை 1.7 முதல் 2.3 வரை பெருக்கினால் உள்ளூரும் அக்கம்பக்கமும் 500 முதல் 700, சீட்டில்லாப் பிள்ளைகள் 150 முதல் 250, வெளியூரார் 200 முதல் 350. மொத்தம் 850 முதல் 1,300. கும்பகோணம் பக்கத்துக் குழு வந்தால் 700 முதல் 1,000. பெருக்கும் எண்ணை உங்கள் பழைய கால் இறுதியிலிருந்தும் பக்கத்து ஊர் ஆட்டத்திலிருந்தும் எடுத்தேன், இரண்டே சான்றுகள் என்பதால் இடைவெளியை அகலமாக வைத்திருக்கிறேன். காவல் நிலைய மனுவில் மேல் எண்ணை எழுதுங்கள். நாற்காலிக்குக் கீழ் எண்ணில் பாதி போதும். தண்ணீருக்கு மேல் எண். சீட்டுப் புத்தகத்தை மட்டும் கஞ்சத்தனமில்லாமல் அச்சடியுங்கள், தாள் மலிவு, தீர்ந்துபோனால் வரும் இழப்பு பெரிது.

பாமணிச் செயலர்

ஞாயிறு இரவு எழுதுகிறேன். கடற்கரைக் குழு 2-1 என்று வென்றுவிட்டது. மனுவில் 1,300 என்று எழுதினேன். 24 புத்தகங்கள், 450 நாற்காலிகள், காலரி இல்லை. பள்ளியின் தலைமையாசிரியர் கழிப்பறையைத் திறந்துவிட இசைந்தார். தண்ணீர்த் தொட்டியும் பாய்களும் வாய்க்கால் பக்கம் வைக்கிறோம். பஞ்சாங்கம் பார்த்தாயிற்று, மறுநாள் முகூர்த்தம்தான், ஆனால் எங்கள் ஊரில் ஒரே ஒரு திருமணம். தொடக்க நேரம் மூன்றரை.

பாமணிச் செயலர்

ஆட்டம் முடிந்து மூன்று நாள்கள் ஆகிவிட்டன. இங்கே உதவியவர்களுக்குக் கணக்கை ஒப்படைப்பது என் கடமை.

கிழித்த சீட்டுகள் 790. படங்களில் ஜேக்கப்ஸ் முறைப்படி எண்ணியதில், கூட்டம் மிக அதிகமாக இருந்த நேரத்தில் ஏறத்தாழ 1,250 பேர். வேன்கள் பதினொன்று, இருசக்கர வண்டிகள் நாற்பதுக்கு மேல். பெண்களுக்கென்று போட்ட நூறு நாற்காலிகளும் நிரம்பி, பின்னால் சிலர் நின்றார்கள், ஆசிரியை அவர்களுக்கு நன்றி. மொத்த எண்ணைப் பொறுத்தவரை கணக்கர் ஐயா சொன்ன எல்லைக்குள்தான் முடிந்தது.

நாங்கள் தவறியது வேறோர் இடத்தில். மூன்றரை மணிக்கு மைதானத்தில் இருந்தவர்கள் 450 பேர்தான், தலைவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. இடைவேளையில் அது இரு மடங்காயிற்று. அத்தோடு கூட்டம் வந்து முடிந்தது என்று எண்ணி வாயிலில் நின்ற பையன்கள் சீட்டுப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். களத்துமேடு சொன்னது அப்போதுதான் நடந்தது: ஐந்து மணிக்குப் பிறகு, நெல்லை மூடிவிட்டு, லுங்கியில் ஒட்டிய பதரோடு ஆள்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்திற்குப் போனதும் கைப்பேசியில் செய்தி பரவி இன்னும் வந்தார்கள். ஆட்டம் நீள நீளக் கூட்டம் பெருகியது, கரை முழுவதும் தலைகள். அவர்கள் யாரிடமும் சீட்டு இல்லை, கேட்கவும் வாயிலில் ஆளில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு வாரம் கணக்குப் போட்ட நான், எப்போது வருவார்கள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

பெனால்டி முடிந்தபோது மணி ஆறேகால், பந்து மங்கலாகத் தெரிந்தது. 4-3 என்று தோற்றோம். கடைமடைக்காரர் காக்கா, உங்கள் பெரியவர்கள் தொழுதுவிட்டு எங்கள் வீரர்களின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், அவர்களிடம் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மீதமான எட்டுச் சீட்டுப் புத்தகங்களைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் தேநீர்க் கடையில் 5,000 பேர் வந்தார்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.